காரைக்குடிப் பக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சபை கிடைக்குமா?

கண்டனூர்_மருமகள் | ஞாயிறு, மதியம் 1:10

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம், இயேசுவுக்கே புகழ். யாருக்கு எது பழக்கமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு சபை வேண்டும். காரைக்குடி, புதுவயல், தேவகோட்டை, எங்கே என்றாலும் சரி. ஸ்கூட்டியில் போய்வர முடிந்தால் போதும்.

பிறந்தது தென்காசிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், தாத்தா கோயில்பிள்ளையாக, அதாவது தேவாலயத்தைப் பராமரிக்கிற பணியாளராக இருந்தவர். வீட்டுக்காரர் நகரத்தார். கல்யாணம் 1954 சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டி, பதிவு அலுவலகத்தில் நடந்தது. அவர்கள் வழக்கம் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: கல்யாணத்துக்கு அவரவர் கோயிலிலிருந்து மாலை வரும், அப்புறம் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவார்கள். எங்களுக்கு மாலையும் வரவில்லை, புள்ளியும் இல்லை. என் பக்கம் ஓலை (ஆராதனையில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு) வாசிக்க மாட்டோம் என்றார்கள். அதோடு அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தையும் நிறுத்திவிட்டார்கள். ஆக, இரண்டு நோட்டிலும் பேர் இல்லாத குடும்பம்.

விசுவாசப் பிரமாணத்தை ஒரு வரி விழுங்காமல் சொல்வேன், உயிர்த்தெழுதல் உட்பட. ஆனால் பெண் பிரசங்கம் பண்ணினால் சபை கெட்டுப்போகும் என்று நினைக்கவில்லை. என் தம்பி தன்பாலீர்ப்பு உள்ளவன். அவனை நோயாளி மாதிரிப் பேசும் இடத்தில் என் மகளை ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன். என் மாமியாரைப் "புறஜாதி" என்று மேடையில் சொன்னால் எழுந்து வந்துவிடுவேன். ஈஸ்டர் அன்றைக்கு எனக்காக விடியற்காலையில் எழுந்து கவுனி அரிசி கிண்டுகிற மனுஷி அவர். டிசம்பர் முதல் தேதி முகப்பில் ஸ்டார் கட்டச் சொல்லி ஆள் பிடிப்பதும் அவர்தான்.

போய்ப் பார்த்த இடங்களில் ஒன்றில் பாட்டு நன்றாக இருந்தது. வாசலில் கைகொடுத்த பெரியவர் "எந்த ஊரும்மா, யார் வகையறா?" என்று ஆரம்பித்து, நான் சொன்ன பதிலுக்குள் என் சாதியைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னொரு ஜெபவீட்டில், பொட்டை அழித்துவிட்டு வா, தாலியைக் கழற்று என்றார்கள். யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். கொள்கை பேச எனக்குக் கட்சி ஆபீஸ் வேண்டாம். உட்கார்ந்து ஜெபிக்க ஒரு பெஞ்சு வேண்டும்.


மின்வேதி | ஞாயிறு, மாலை 6:25

நான் இங்கே ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், குவார்ட்டர்ஸ் வாசி. ஊர் நாகர்கோவில். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: செட்டிநாட்டில் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதில் பாதி என்னை மாதிரி வேலைக்கு வந்தவர்கள். சென்னையில் ஒரு சபை பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று. இங்கே நாலைந்தில்தான் பொறுக்க வேண்டும்.

"யார் வகையறா" கேள்வி எல்லா இடத்திலும் வரும். நான் "ஆய்வக வகையறா" என்பேன். சிரித்துவிட்டு விட்டுவிடுகிறவர் நல்லவர். மறுபடி கேட்டால் அவரிடமிருந்து தள்ளி உட்காருவேன்.

முதல் ஞாயிறு பிரசங்கத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். அன்றைக்கு வெளியூர்ச் செய்தியாளர் வந்திருக்கலாம்.


சத்திய_வசனம் | ஞாயிறு, இரவு 9:02

சகோதரி, வருத்தப்படுத்தச் சொல்லவில்லை. நமக்குப் பிடித்த மாதிரி சபையைத் தேடுகிறோம், ஆனால் வசனத்துக்குத் தக்கபடி நாம் மாற வேண்டாமா? தம்பியை நேசியுங்கள், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. பாவத்தைப் பாவம் என்று சொல்லாத சபை, புண்ணைப் பார்த்தும் வாயைத் திறக்காத டாக்டர் மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெந்தெகொஸ்தே என்றாலே பொட்டும் தாலியும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. எங்கள் சபையில் யாரும் யாரையும் சாதி கேட்டதில்லை. துப்புரவு வேலை செய்கிற அக்கா முன்னால் நின்று சாட்சி சொல்வார், கடை முதலாளி கீழே பாயில் உட்கார்ந்து கேட்பார். உங்கள் பாரம்பரிய சபைகளில் இதைக் காட்டுங்கள் பார்ப்போம்.


பழைய_வாத்தியார் | திங்கள், காலை 6:48

சத்திய_வசனம் தம்பி கடைசியில் சொன்னது உண்மை. அதைப் பாரம்பரிய சபைக்காரனான நானே ஒப்புக்கொள்கிறேன். முதலில் சொன்னதற்கு அப்புறம் வருகிறேன்.

கண்டனூர் மகளே, நான் தேவகோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சபை எப்படிப்பட்டது என்று தெரிய பிரசங்கம் கேட்டுப் பயன் இல்லை. பந்தியைப் பார்க்க வேண்டும்.

நம்முடைய சி.எஸ்.ஐ. மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் (பேராயர் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி) வேர் அமெரிக்கன் மதுரை மிஷன். 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். 1847 வாக்கில், சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டு என்று மிஷன் ஊழியர்களிடம் கேட்டார்கள். மாட்டேன் என்ற உபதேசிமார் பலரை நிறுத்தினார்கள். சம்பளம் வாங்குகிற வேலையே போயிற்று. தேவாரம் மாதிரி கீர்த்தனை பாடத் தெரிந்தவன், வேதம் தலைகீழாய்த் தெரிந்தவன், எல்லாரும் அந்த ஒரு இலையில் மாட்டிக்கொண்டார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பரீட்சை இன்னும் பழசாகவில்லை.

அதனால் அறுப்பின் பண்டிகைக்கோ அசன விருந்துக்கோ போங்கள். யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் வீட்டார் "கொஞ்சம் வேலை இருக்கு" என்று பார்சல் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு வருஷப் பிரசங்கத்தில் தெரியாதது ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். நடுவில் சுவர் உண்டா? இல்லையென்றாலும், இந்தப் பக்கம் ஒரு குடும்பப் பெயர்களும் அந்தப் பக்கம் வேறு பெயர்களுமாக இருக்கிறதா? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதி பிரிக்கிற சுவர் பத்திரிகையில் வந்தது. பத்திரிகையில் வராத சுவர்கள் நிறைய.

சாதியில் இறுகிப்போன சபை உங்கள் தம்பி விஷயத்தில் இளகி நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் ஒரே பயம்தான்: நம் வீட்டுக் கல்யாணம் கைமீறிப் போய்விடுமோ என்கிற பயம்.


செஞ்சை_ஸ்டீபன் | திங்கள், இரவு 8:15

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். கத்தோலிக்கர் பக்கம் ஒருவரும் பேசவில்லையே என்று வந்தேன்.

தங்கச்சி, உங்களுடையது போன்ற கல்யாணத்துக்கு எங்களிடம் வழி இருக்கிறது. இந்து மாப்பிள்ளை, கத்தோலிக்கப் பெண் என்றால் ஆயரிடம் (எங்களுக்கு ஆயர் என்றால் பிஷப்) விலக்கு அனுமதி வாங்கிக் கோயிலிலேயே கல்யாணம் நடத்தலாம். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அதைத் தெரியப்படுத்தினால் போதும், அவர் எதிலும் கையெழுத்துப் போட்டு மதம் மாற வேண்டியதில்லை. என் அக்கா மகளுக்கு அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பட்டுவேட்டியோடு முன்வரிசையில் இருந்தார்கள்.

பக்கத்து மதத்தோடு பழகுவது எங்களுக்குப் புதிதும் அல்ல. ஓரியூரில் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693-இல் தலை வெட்டப்பட்ட இடத்துச் செம்மண்ணை எடுத்துப் போகிறவர்களில் இந்துக்கள் எத்தனை பேர் தெரியுமா? சருகணியில் லெவே சுவாமி கல்லறையிலும் அப்படித்தான். உங்கள் மாமியார் ஒருவேளை உங்களுக்கு முன்னாலேயே போய்வந்திருப்பார்.

ஆனால் மறைக்காமல் சொல்கிறேன். பெண் குருவாவது எங்களிடம் கிடையாது. பெரிய வியாழனில் பெண்கள் காலையும் கழுவலாம் என்று ரோம் சொன்னதே 2016-இல்தான். வாசகர், பீடத்துணைவர் பணியில் பெண்களை முறைப்படி நியமிக்கலாம் என்றது 2021. தம்பி விஷயத்தில், 2023 டிசம்பரில் போப் பிரான்சிஸ் காலத்தில் வந்த அறிக்கைப்படி, அப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் வந்து கேட்டால் குருவானவர் எளிமையாக ஆசீர் கொடுக்கலாம். திருமணம் மாதிரி தெரியக்கூடாது, சடங்கு இருக்கக்கூடாது. இங்கே பங்கு மேடையில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. நீங்கள் சி.எஸ்.ஐ. என்பதால் நற்கருணையும் கிடைக்காது. பூசைக்கு வரலாம், பாடலாம், அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம்) எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். அதுவே வேண்டிய அளவு என்று நான் சொன்னால் அது பொய்.


பெயர்_வேண்டாம் | செவ்வாய், இரவு 12:31

அக்கா, உங்கள் தம்பி இடத்தில் இருப்பவன் பேசுகிறேன். ஊர் சொல்ல மாட்டேன். காரைக்குடி கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு நடந்தே போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தெரிந்ததும் என்னை ஒரு விடுதலை ஜெபத்துக்குக் கூட்டிப்போனார்கள். தலையில் எண்ணெய் ஊற்றி, இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வெளியே போ" என்று கத்தினார்கள். எண்ணெய் காதுக்குள் இறங்கி அவர்கள் கத்துவதே தூரத்தில் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. எதுவும் வெளியே போகவில்லை. அம்மா மட்டும் அழுதார்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எங்களை மருத்துவத்தால் மாற்றுகிறோம் என்று முயல்வதற்குத் தடை போடச் சொன்னார். அது மருத்துவமனைக்கு. ஜெபவீட்டில் எண்ணெய் ஊற்றுகிறவரை யார் கேட்பது? சத்திய_வசனம் அண்ணே, டாக்டர் உவமை சொன்னீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது ஒரு சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன், டெனார். அங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. கிறிஸ்துமஸ் கேரல் சுற்றில் ஆயரம்மா என் தட்டில் மட்டும் இரண்டு அச்சுமுறுக்கு கூட வைப்பார். என் சிநேகிதன் வந்தால் "தம்பியோட ஃபிரண்டா, வாப்பா" என்பார்கள். இது வரவேற்பா, வாயை மூடிக்கொண்டிருக்கிற ஏற்பாடா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து குளித்துக் கிளம்ப ஒரு இடம் இருக்கிறது.


அரசரடி_பழையமாணவி | செவ்வாய், காலை 10:20

பெயர்_வேண்டாம் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை.

நான் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவள். 1969-இல் தொடங்கிய கல்லூரி. பரட்டை அண்ணன் என்று எல்லாரும் கூப்பிடுகிற தியாபிலஸ் அப்பாவு அங்கேதான் பறையும் நாட்டுப்புற மெட்டும் வைத்து வழிபாடு நடத்தினார். எல்லாரும் அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் போட்டு ஒன்றாகச் சாப்பிடுவதுதான் திருவிருந்து என்பது அவர் வாதம். வாத்தியார் ஐயா சொன்ன 1847 பந்திக்கும் இதற்கும் நேர்க்கோடு போடலாம்.

சி.எஸ்.ஐ.யில் பெண்களுக்குக் குருப்பட்டம் 1976-இலிருந்து உண்டு. 2013-இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மா பேராயர் ஆனார். இந்திய சுவிசேஷத் திருச்சபையில் பாரதி என்ற திருநங்கை போதகர் ஆனது செய்தியாகவே வந்தது. தேசியத் திருச்சபைகள் மன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377-ஆம் பிரிவு பற்றியும் பாலினச் சிறுபான்மையினர் பற்றியும் கூட்டம் நடத்தி, புத்தகம் போட்டு நிறையப் பேசியிருக்கிறது.

இதையெல்லாம் அடுக்கி உங்களுக்கு ஆசை காட்ட வரவில்லை. கல்லூரியில் ஒரு பேச்சு, சேகரத்தில் (ஒரு ஆயர் பார்த்துக்கொள்கிற சபை வட்டாரம்) இன்னொரு பேச்சு. என்னோடு படித்து ராத்திரி முழுக்கப் புரட்சி பேசியவர்கள், சேகர கமிட்டி முன்னால் உட்கார்ந்ததும் காணிக்கைக் கணக்கைத் தாண்டி வாயைத் திறப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வருஷா வருஷம் மே மாதம் வந்தால் மாற்றல் ஆர்டர் பயம். நல்ல ஆயர் (நம் சபைகளில் போதகரைத்தான் ஆயர் என்போம்) கிடைத்தார் என்று நீங்கள் சேர்வீர்கள், அவர் கம்பத்துக்கோ கொடைக்கானலுக்கோ போய்விடுவார். ஆயரை நம்பிச் சேராதீர்கள். மாற்றலாகாத நாலு பேரைப் பாருங்கள்: ஆர்கன் வாசிப்பவர், ஓய்வுநாள் பள்ளி டீச்சர், பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர், கோயில்பிள்ளை.


சத்திய_வசனம் | செவ்வாய், பிற்பகல் 2:44

பெயர்_வேண்டாம் தம்பி, உங்களுக்கு நடந்தது தப்பு. அழுத்திப் பிடித்துச் செய்வது ஜெபமே இல்லை. என் கருத்தில் நான் நிற்கிறேன். ஆனால் அந்த டாக்டர் உவமையை எடுத்துவிடுகிறேன்.


பெயர்_வேண்டாம் | செவ்வாய், பிற்பகல் 3:05

சரிண்ணே.


கண்டனூர்_மருமகள் | ஞாயிறு, மாலை 4:50

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் ஒரு இடத்துக்குப் போய்வந்தேன். சபையின் பெயர் வேண்டாம்.

ஆராதனை முடிந்து ஆயர் வஸ்திர அறையில் இருந்தார். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காணிக்கை எண்ணியதைக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் அந்தச் சில்லறைக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றி வளைக்காமல் மூன்று விஷயமும் கேட்டேன்: மகளின் ஞானஸ்நானம், என் திருவிருந்து, தம்பி வந்தால் என்ன செய்வீர்கள்.

"பாப்பாவுக்குக் கொடுக்கலாம்மா, அப்பா சம்மதம்னா எனக்கு ஒண்ணுமில்லை. உங்களுக்குப் பழைய சபையிலிருந்து ஒரு கடிதம் வேணும், அது இல்லாம கமிட்டி ஒத்துக்காது. தம்பி வந்தா உட்காரட்டும். அவரைக் குத்தி நான் பேச மாட்டேன். ஆதரிச்சும் பேச முடியாது, என் நிலைமை அப்படி" என்றார். நாலு பொய்யான புன்சிரிப்புக்கு இந்த ஒரு பதில் மேல் என்று எனக்குத் தோன்றியது.

அரசரடி அக்கா சொன்னபடி ஓய்வுநாள் பள்ளி டீச்சரையும் பார்த்தேன். சின்னப் பெண், கல்லூரியில் படிக்கிறாள். அன்றைய பாடம் பிலிப்புவும் எத்தியோப்பிய மந்திரியும். "ஞானஸ்நானம் எடுக்க என்ன தடைன்னு அவர் கேட்டாரு. பிலிப்பு என்ன தடை சொன்னார்?" என்று பிள்ளைகளிடம் கேட்டாள். ஒரு பையன் "தண்ணி இல்லைன்னு சொன்னார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, "தண்ணி இருந்துச்சுடா, ஒரு தடையும் சொல்லலை" என்றாள். அந்த மந்திரி ஒரு அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர் என்பதற்குள் அவள் போகவில்லை. பெரியவர்கள் வகுப்பாக இருந்தால் கேட்டிருப்பேன்.

ஸ்டீபன் அண்ணன் திண்ணைக்கும் வருவேன். பெயர்_வேண்டாம் தம்பிக்கு ஒன்று: உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஏற்பாடு எனக்குப் போதாது. என் மகள் ஒருநாள் மாமாவைப் பற்றிச் சபையில் சத்தமாகப் பேசுவாள். அன்றைக்கு அங்கே என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான் நான் நிலைப்பதும் கிளம்புவதும். அதுவரை உட்காருகிறேன்.


மின்வேதி | ஞாயிறு, இரவு 7:12

ஆயர் சொன்னது நேர்மையான பதில் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் "என் நிலைமை அப்படி" என்பதையே எல்லாரும் சொன்னால், யாருடைய நிலைமைதான் மாறும்? கமிட்டித் தேர்தலில் நில்லுங்கள். அதற்கும் அந்தக் கடிதம் வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.


கண்டனூர்_மருமகள் | ஞாயிறு, இரவு 7:30

அந்தக் கடிதம்தான் இப்போது தலைவலி. பழைய சபையில் என் பெயரையே எடுத்துவிட்டார்களா, திருவிருந்து மட்டும் நிறுத்தமா என்றுகூடத் தெரியாது. யாரிடம் கேட்பது?


பழைய_வாத்தியார் | திங்கள், காலை 6:20

போனில் கேட்காதீர்கள், மகளே. போனில் கேட்டால் போனிலேயே முடித்துவிடுவார்கள். பழைய சேகரத்து ஆயருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். உங்கள் ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி இரண்டையும் முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிற பெயரை யாரும் கல்யாணத்தைக் காட்டி எடுக்க முடியாது. கல்யாணம் பற்றி ஒரே வரி, விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். "வேறு திருமண்டலத்துக்குக் குடிபெயர்ந்ததால் அங்கத்தினர் மாற்றுக் கடிதம் தேவை" என்று எழுதினால் போதும். நகல் ஒன்று பேராயர் அலுவலகத்துக்கு. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பதில் வராவிட்டால், அந்த அஞ்சல் ரசீதை எடுத்துக்கொண்டு இங்கே இருக்கிற ஆயரையே உங்களுக்காக எழுதச் சொல்லுங்கள். ஆயருக்கு ஆயர் எழுதினால் பதில் போடாமல் இருப்பது கஷ்டம். கடிதத்தை அனுப்புமுன் இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.